சல்லிசாகக் கிடைத்த நூறு பின்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "அண்ணா, பின் வரிசைய ஃபைனல் பண்ணிட்டீங்களா? சொன்னீங்கன்னா இன்னைக்கே போர்டு ஆர்டர் போட்டுருவேன்." அனுப்பியவன் முன்பு என்னோடு வேலை பார்த்த பையன். நான் பொழுதுபோக்காகக் கட்டிக்கொண்டிருக்கும் எட்டு பிட் கணினிக்கு ஒரு சவுண்ட் கார்டு செய்து தருவதாக அவனாகவே சொல்லியிருந்தான். அவன் கேட்டது ரொம்பச் சின்னக் கேள்வி. ஆறு மாதமாக அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் கணினி ஒன்றும் பிரமாதமானதல்ல. இஸட்80 என்ற 1976ஆம் ஆண்டின் சிப் ஒரு கார்டில். நினைவகம் இன்னொன்றில். சீரியல் போர்ட் மூன்றாவதில். எல்லாக் கார்டுகளும் ஒரு பலகையில் செங்குத்தாகச் செருகி நிற்கும், அலமாரியில் புத்தகம் மாதிரி. அந்தப் பலகைக்குப் பேக்ப்ளேன் என்று பெயர். முதுகுப்பலகை என்று சொல்லலாம். அதில் அறிவு எதுவும் கிடையாது. இந்தக் கனெக்டரின் முதல் பின்னை அடுத்த கனெக்டரின் முதல் பின்னோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் இணைக்கிற செம்புக் கோடுகள் மட்டும்தான். அந்தக் கோடுகளின் கூட்டத்தைத்தான் பஸ் என்கிறோம்.

எந்தக் கனெக்டரைப் போடுவது, அதில் எந்தப் பின்னில் எந்தச் சிக்னல் என்பதுதான் அவன் கேட்டது. நான் மென்பொருள்காரன். தப்பாக எழுதிவிட்டால் ராத்திரி திருத்திக் காலையில் வெளியிட்டுப் பழகியவன். தமிழில் பின் என்றால் பிறகு என்றும் அர்த்தம் உண்டு. இந்தப் பின்னை மட்டும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. அவன் கார்டு அடித்து முடித்த நாளிலிருந்து என் பின் வரிசை அவன் சொத்தும்கூட. மாற்றினால் அவன் காசு போகும்.

இந்தத் தயக்கத்தில்தான் பழைய பஸ்களின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. கிடைத்த முதல் பதிலே கலக்கிவிட்டது. வீட்டுக் கணினிகளின் வரலாற்றில் முதல் பெரிய பஸ்ஸை யாருமே யோசித்து முடிவெடுக்கவில்லை.

1974இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகெர்க்கி நகரத்தில், மிட்ஸ் என்ற சிறு கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அதை நடத்தியவர் எட் ராபர்ட்ஸ். விமானப்படையில் இருந்தவர். மாடல் ராக்கெட்டுகளுக்கான மின்னணுப் பொருட்களில் தொடங்கி, கால்குலேட்டர் கிட் விற்று மேலே வந்தார். பிறகு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மாதிரி சிப் தயாரிக்கிற கம்பெனிகளே கால்குலேட்டர் விற்க இறங்கின. விலை சரிந்தது. அவர் செய்ய ஆகும் செலவைவிடக் கடையில் விற்கும் விலை குறைவு என்ற நிலை.

கடைசி முயற்சியாக ஒரு கணினியை கிட் ஆக விற்கலாம் என்று முடிவு செய்தார். இன்டெல்லின் 8080 சிப் அப்போது சில்லறையில் 360 டாலர். மொத்தமாக வாங்குவதாகப் பேரம் பேசி 75 டாலருக்கு வாங்கினார். 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகை 1975 ஜனவரி இதழின் அட்டையில் போடுகிறோம் என்றது. பெயர் ஆல்டேர் 8800. கிட்டின் விலை 397 டாலர். சிப்பின் பட்டியல் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

பத்திரிகைக்காக நியூயார்க்குக்கு அனுப்பிய ஒரே மாதிரிக் கணினி வழியில் தொலைந்துபோனது. இன்றுவரை கிடைக்கவில்லை. அட்டைப்படத்தில் இருப்பது சுவிட்சும் விளக்கும் மட்டும் பொருத்திய வெறும் டப்பா. உள்ளே ஒன்றும் இல்லை. எனக்கு இது மோசடியாகப் படவில்லை, பரிதாபமாகத்தான் படுகிறது. டெமோவுக்கு முந்தின நாள் ராத்திரியை அனுபவித்த யாருக்கும் அந்த டப்பா புரியும்.

அந்த அவசரத்தில்தான் பேக்ப்ளேன் வந்தது. விற்பனைக்கு வந்த ஆல்டேரின் உட்புறம் பத்திரிகையில் காட்டியதிலிருந்து வேறுபட்டது. கணினி என்று சொல்ல வேண்டுமானால் நினைவகம் வேண்டும், விசைப்பலகை வேண்டும், எதிலாவது சேமிக்க வேண்டும். எதுவும் தயாராக இல்லை. அடிப்படை ஆல்டேரில் இருந்த நினைவகம் 256 பைட். இந்தப் பத்தியைக்கூட அதில் அடைக்க முடியாது. அதனால் உள்ளே காலி ஸ்லாட்டுகளை வைத்தார்கள். இல்லாததையெல்லாம் செய்து முடித்த பிறகு தருகிறோம், வாங்கிச் செருகிக்கொள்ளுங்கள் என்று.

ஸ்லாட்டுக்குக் கனெக்டர் வேண்டும். அவர்கள் எடுத்தது எட்ஜ் கனெக்டர். கார்டின் விளிம்பிலேயே தங்க முலாம் பூசிய செம்பு விரல்கள் இருக்கும். பேக்ப்ளேனில் உள்ள பிளவு அதைக் கவ்விக்கொள்ளும். கனெக்டரில் பாதி கார்டே என்பதால் செலவும் பாதி. அந்தப் பிளவுக்கு ஒரு பக்கம் 50, மறுபக்கம் 50, ஆக 100 தொடர்புகள்.

ஏன் 100? 8080க்கு நாற்பதே கால்கள்தான். இதற்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. ஒன்று, ராபர்ட்ஸ் சல்லிசான கனெக்டர் தேடியபோது ராணுவத்தில் மிஞ்சிப்போன நூறு பின் கனெக்டர்கள் கிடைத்தன என்பது. இன்னொன்று, பெயர் தெரியாத ஒரு வரைவாளர் பொருள் பட்டியலைப் புரட்டி இந்தக் கனெக்டரைத் தேர்ந்தெடுத்து, சிக்னல்களைக் கைக்கு வந்தபடி பின்களில் எழுதிப்போனார் என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகவும் இல்லை.

பின் வரிசையை எடுத்துப் பார்த்தால் இரண்டாவது கதையை நம்பத் தோன்றுகிறது. முகவரிக் கோடுகள் 16. முதல் மூன்று 79, 80, 81ஆம் பின்களில் ஒழுங்காக இருக்கின்றன. நான்காவது சட்டென்று மறுபக்கத்துக்குத் தாவி 31இல் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்தவை 30, 29 என்று தலைகீழாக இறங்குகின்றன. ஏழாவது திரும்பவும் இந்தப் பக்கம், 82. கல்யாணப் பந்தியில் இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்த குடும்பம் மாதிரி. அந்த ஒரு கார்டில் கோடு இழுக்க எது வசதியோ அந்த வரிசை. அடுத்து வருகிறவனைப் பற்றிய நினைப்பே இல்லை. குறை சொல்லவும் முடியாது. அடுத்து ஒருவன் வருவான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சில நூறு விற்றாலே பிழைத்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் குவிந்தது. கிட் வாங்கியவர்கள் சால்டரிங் முடித்தார்கள். விளக்கு எரிந்தது. பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. காலி ஸ்லாட்டுகள் மட்டும் வாயைத் திறந்துகொண்டு இருந்தன. மிட்ஸ் விற்ற 4கே நினைவகக் கார்டு ஒழுங்காக வேலை செய்யவில்லை.

இங்கேதான் அந்தச் சல்லிசுக் கனெக்டர் தன் வேலையைக் காட்டியது. அது மிட்ஸுக்கென்று வார்த்த பொருள் இல்லை. யாருக்கும் கிடைக்கும். கார்டு பக்கத்துக்கோ கனெக்டரே வேண்டாம், போர்டு அடிக்கும்போது விளிம்பில் விரல்களை வரைந்தால் போதும். கலிஃபோர்னியாவில் பாப் மார்ஷ் ஒரு கராஜில் பிராசசர் டெக்னாலஜியைத் தொடங்கி, ஒழுங்காக வேலை செய்யும் 4கே கார்டை விற்றார். ஜனங்கள் அதை வாங்கினார்கள்.

ராபர்ட்ஸுக்கு இது வயிற்றெரிச்சல். கணினியை அடக்கவிலைக்குப் பக்கத்தில் விற்று, கார்டுகளில் லாபம் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிய பேசிக் மொழியைக்கூட நினைவகக் கார்டோடு சேர்த்து வாங்கினால் 100 டாலருக்கும் கீழே, தனியாக வாங்கினால் 500 டாலர் என்று வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் கார்டை மார்ஷிடம் வாங்கினார்கள், பேசிக்கை நண்பனிடம் ஓசியில் பிரதி எடுத்துக்கொண்டார்கள். 1976 பிப்ரவரியில் கேட்ஸ் எழுதிய புகழ்பெற்ற கோபக் கடிதம், மென்பொருளைத் திருடுகிறீர்கள் என்று பொழுதுபோக்காளர்களைச் சாடியது, இந்தப் பின்னணியில்தான். மென்பொருள் திருட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தக் கடிதத்தில் தொடங்குவார்கள். நான் எழுதினால் வேலை செய்யாத அந்த 4கே கார்டில் தொடங்குவேன்.

மற்றவர்களின் கார்டுகளை விற்ற கம்பெனிகளை ராபர்ட்ஸ் ஒட்டுண்ணிகள் என்றே எழுதினார். 1976 மார்ச்சில் ஆல்புகெர்க்கியில் ஆல்டேர் மாநாடு நடத்தியபோது அவர்களுக்குக் கடை போட இடம் கிடைக்கவில்லை. பிராசசர் டெக்னாலஜிக்காரர்கள் அதே ஓட்டலில் ஒரு அறை எடுத்து, கையால் எழுதிய அறிவிப்பு வைத்து, அங்கே ஆள் கூட்டினார்கள். அதற்குள் இம்சாய் என்ற கம்பெனி 22 ஸ்லாட் பேக்ப்ளேனோடு முழுக் கணினியையே நகலெடுத்து விற்க ஆரம்பித்திருந்தது. இருபத்திரண்டு ஸ்லாட்டிலும் கனெக்டர் போட வேண்டுமானால் 2200 இடத்தில் சால்டர் வைக்க வேண்டும். மூன்று கார்டுக்கே எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது.

பெயர் விஷயம் இன்னும் வேடிக்கை. போட்டிக்காரன் பெயரைத் தன் விளம்பரத்தில் 'ஆல்டேர் பஸ்' என்று அச்சடிக்க யாருக்குப் பிடிக்கும்? குரோமெம்கோ கம்பெனியின் ஹாரி கார்லண்டும் ரோஜர் மெலனும் எஸ்-100 என்று ஒரு பெயர் வைத்தார்கள். 1976 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கணினிக் கண்காட்சிக்குப் போகும் விமானத்தில் பாப் மார்ஷும் இருந்தார். மெலன் கையில் பீரோடு எழுந்து போய், நீங்களும் இதே பெயரைப் போடுங்கள் என்று கேட்டார். விமானம் குலுங்கியது, பீர் கொஞ்சம் மார்ஷ் மேல் கொட்டியது. மார்ஷ் ஒப்புக்கொண்டார். பீரோடு நான் அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்றுதான் ஒப்புக்கொண்டிருப்பார் என்பது மெலனின் ஊகம். ராபர்ட்ஸ் தேர்ந்தெடுத்த கனெக்டர், ராபர்ட்ஸ் விற்ற கணினி. பெயர் மட்டும் அவருடையது இல்லை.

பஸ்ஸின் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தன. நூறு பின்னில் கிரவுண்டுக்கு ஒதுக்கியது இரண்டே இரண்டு, 50ஆவதும் 100ஆவதும். கிரவுண்ட் என்பது மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி. திருவிழாக் கூட்டம் உள்ளே வர எத்தனையோ வாசல் வைத்துவிட்டு, வெளியேற இரண்டு மட்டும் திறந்துவைத்த கதை. கடிகாரத் துடிப்பைச் சுமக்கும் கோடுகள் 24, 25ஆம் பின்களில், மற்ற கட்டுப்பாட்டுக் கோடுகளோடு தோளுரசிக்கொண்டு ஓடின. ஒன்றின் துடிப்பு அடுத்ததில் கேட்கும். 8 வோல்ட்டின் அடுத்த பின்னிலேயே 16 வோல்ட். அதற்கு நேரே கார்டின் மறுபக்கம் மைனஸ் 16. கார்டு கொஞ்சம் கோணலாக இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 

ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருந்தார்கள் என்று எனக்குப் படுகிறது. பஸ்ஸில் போனது சீர்செய்யாத 8 வோல்ட். ஒவ்வொரு கார்டும் தனக்கென்று 7805 மாதிரி ஒரு ரெகுலேட்டர் வைத்து 5 வோல்ட் ஆக்கிக்கொள்ள வேண்டும். சூடு அதிகம், ஆனால் ஒரு கார்டின் மின் தொல்லை இன்னொன்றுக்கு அவ்வளவாகப் பரவாது. யார் யாரோ செய்த கார்டுகள் ஒரே பெட்டியில் குடித்தனம் நடத்த இது உதவியிருக்கும்.

1978இல் ஜார்ஜ் மோரோவும் ஹோவர்ட் ஃபுல்மரும் இந்தப் பஸ்ஸுக்கு ஒழுங்கான வரையறை தரும் முன்மொழிவை வெளியிட்டபோது சுமார் 150 கம்பெனிகள் இதற்குப் பொருள் செய்துகொண்டிருந்தன. பின் வரிசையைக் கலைத்து அடுக்க இனி வாய்ப்பே இல்லை. எழுதிய கணக்கை அழிக்காமல் ஓரத்தில்தான் எழுத முடியும். அப்படி எழுதி எழுதி 1983இல் அது ஐஇஇஇ 696 என்ற அதிகாரபூர்வத் தரம் ஆனது.

அதில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆல்டேரில் தரவு உள்ளே வர 8 கோடு, வெளியே போக வேறு 8 கோடு என்று இரண்டு தொகுதி வைத்திருந்தார்கள். ஒரே 8 கோட்டில் இரண்டு திசையிலும் போகலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நூறு பின் இருக்கிறதே என்ற தாராளத்தில் செய்த விரயம் அது. 16 பிட் சிப்புகள் வந்தபோது அந்த இரண்டு தொகுதியையும் சேர்த்து 16 கோடாக்கிக்கொண்டார்கள். சும்மா கிடந்த பின்களில் முகவரியை 24 பிட்டுக்கு நீட்டினார்கள். சிக்கனமாக யோசித்து அறுபது பின் கனெக்டர் எடுத்திருந்தால் எஸ்-100 ஓரிரு வருடத்தில் செத்திருக்கும். அந்த ஐஇஇஇ தரத்தை 1994இல்தான் திரும்பப் பெற்றார்கள். அவசரத்தில் சல்லிசாகக் கிடைத்த கனெக்டருக்கு ஏறக்குறைய இருபது வருட ஆயுள்.

மிட்ஸுக்கு அந்த ஆயுள் இல்லை. 1977இல் ராபர்ட்ஸ் கம்பெனியை பெர்டெக் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஜார்ஜியாவுக்குப் போய் விவசாயம் பார்த்தார். பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில், மருத்துவம் படித்து 1986இல் பட்டம் வாங்கி, காக்ரன் என்ற சிற்றூரில் டாக்டராக இருந்தார். 2010 ஏப்ரலில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்பு கேட்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

யோசித்துச் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தேட ஜெர்மனிக்குப் போக வேண்டும். அங்கே யூரோகார்டு என்று ஒரு அளவு, 100க்கு 160 மில்லிமீட்டர். அதற்கு டின் 41612 என்ற கனெக்டர். மூன்று வரிசை, வரிசைக்கு 32, ஆக 96 பின். ஆண், பெண் என்று இரண்டு தனி உறுப்புகள். கார்டின் கனம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. பிளாஸ்டிக் கூட்டின் வடிவமே தலைகீழாகவோ ஒரு பின் தள்ளியோ செருக விடாது. எத்தனை தடவை செருகிக் கழற்றலாம் என்றுகூடத் தரம் பிரித்திருக்கிறார்கள். முதல் தரம் 500 தடவை, இரண்டாவது 400, மூன்றாவது 50. கனெக்டருக்கு மரணம் உண்டு என்பதை எழுதிவைத்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மோட்டரோலா கம்பெனி தன் 68000 சிப்புக்கு வெர்சாபஸ் என்ற ஒன்றை வைத்திருந்தது. பெரிய பெரிய கார்டுகள், விளிம்புக் கனெக்டர்கள். ம்யூனிக்கில் இருந்த அதன் ஐரோப்பியக் கிளைக்காரர்கள் அந்தச் சிக்னல்களை எடுத்து யூரோகார்டிலும் டின் கனெக்டரிலும் உட்காரவைத்தார்கள். 1981இல் அது விஎம்இ பஸ் என்று வெளிவந்தது. தொழிற்சாலை, ராணுவம், செர்ன் மாதிரி ஆய்வுக்கூடம் என்று பரவி இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பின் போதாமல் போனபோது மூன்று வரிசைக்கு வெளியே இருபுறமும் ஒவ்வொரு வரிசை சேர்த்து 160 ஆக்கினார்கள், பழைய கார்டு புதிய ஸ்லாட்டில் அப்படியே உட்காரும். அழகான வேலை. ஆனால் ஒரு டின் ஜோடியின் விலைக்குச் சாதாரண பின் ஹெடர் கைநிறைய வாங்கலாம். தொழிற்சாலைக்கு அது பொருட்டில்லை. வீட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பொருட்டு.

அதே ம்யூனிக்குக்குப் பக்கத்தில், கிரேஃபெல்ஃபிங் என்ற ஊரில், டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் ஏ-100 என்ற இசைக் கருவியைக் கொண்டுவந்தார். ஒலியை உருவாக்குவது ஒரு மாட்யூல், வடிகட்டுவது இன்னொன்று, வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம். இன்று யூரோராக் என்று உலகமெங்கும் பைத்தியம் பிடிக்கவைக்கும் சமாச்சாரம். மாட்யூலின் உயரம் 128.5 மில்லிமீட்டர், யூரோகார்டுக் கூண்டின் அதே உயரம். சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கனெக்டரை விட்டுவிட்டார். மின்சாரத்துக்குப் பட்டையான ரிப்பன் கேபிள், 16 பின், பழைய கணினிகளின் உள்ளே பார்த்திருப்பீர்களே, அது. சிவப்புக் கோடு இருக்கும் பக்கம் மைனஸ் 12 வோல்ட். தலைகீழாக மாட்டினால்? தடுக்க ஒன்றும் இல்லாத வெறும் பின்கள் என்றால் மாட்டிவிடலாம். ப்ளஸ் 12 நேராக கிரவுண்டில் போய் முட்டும். யூரோராக் வைத்திருப்பவர்களிடம் பேசினால் எல்லோரிடமும் ஒரு கருகல் கதை இருக்கும். ஆனாலும் அந்தக் கேபிளை யாரும் எங்கும் வாங்கலாம், அகலம் எப்படியிருந்தாலும் மாட்யூலை விருப்பப்பட்ட இடத்தில் வைக்கலாம். ஒற்றை ஆள் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் அதில் மாட்யூல் செய்கின்றன. டின் கனெக்டர் போட்டிருந்தால் இத்தனை பேர் வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

நம் மேசைகளிலேயே ஒரு சாட்சி கிடக்கிறது. கல்லூரியில் ஆர்டுயீனோ தொட்டவர்கள் எடுத்துப் பாருங்கள். எண்கள் 7க்கும் 8க்கும் நடுவில் உள்ள இடைவெளி கொஞ்சம் விநோதமாக இருக்கும். மற்ற பின்களுக்கு நடுவே அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அங்கே மட்டும் 0.16 அங்குலம். வரைபடத்தில் நடந்த தவறு. கவனிப்பதற்குள் மேலே செருகும் ஷீல்டுகள் வெளியே போய்விட்டன. திருத்தினால் அத்தனையும் குப்பை. அதனால் இன்றைக்கும், சிப் மாறி, வேகம் மாறி, எல்லாம் மாறிய பிறகும், அந்த 0.06 அங்குலத் தவறைப் பத்திரமாக நகலெடுத்து அச்சடிக்கிறார்கள்.

சரி, என் பேக்ப்ளேன். முதல் வடிவத்தில் ஒற்றை வரிசை பின் ஹெடர்தான் போட்டிருந்தேன். இங்கிலாந்தில் தொடங்கிய ஆர்சி2014 என்ற இஸட்80 கிட் அப்படித்தான் செய்கிறது. சல்லிசு, எங்கும் கிடைக்கும். பிப்ரவரியில் ஒரு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில், நினைவகக் கார்டை ஒரு பின் தள்ளிச் செருகினேன். கிரவுண்டுக்குப் பக்கத்தில் 5 வோல்ட்டை வைத்தவன் நானே. கார்டின் கிரவுண்டில் 5 வோல்ட் ஏறியது. புகை வரவில்லை. விரல் வைத்துப் பார்த்தபோது சிப் தோசைக்கல் மாதிரி இருந்தது. முகவரிக் கோடுகளைப் பந்தியில் கலைத்து உட்காரவைத்த அந்த வரைவாளரைப் பார்த்து அதுவரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து மனசு டின் பக்கம் சாய்ந்தது. நடுவில் பிசிஐ எக்ஸ்பிரஸ் சபலமும் வந்தது. கிராஃபிக்ஸ் கார்டு செருகுகிற ஸ்லாட்தான். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் அடிப்பதால் விலை குறைவு, கார்டு பக்கம் கனெக்டரே வேண்டாம். எட்டு வழி வகையில் 98 தொடர்புகள். ராபர்ட்ஸின் நூறுக்கு இரண்டு குறைவு. நம் காலத்தின் ராணுவ மிச்சம் இதுதான் என்று தோன்றியது. ஆனால் பின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். கையால் சால்டர் வைக்கிறவனுக்குக் கண் பிதுங்கும். வீட்டுக்கு வந்த யாராவது விளையாட்டாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருகிப் பார்க்கிற பயம் வேறு.

டின் என்று பையனிடம் சொன்னேன். "அண்ணா, ஒரு கார்டுக்கு அவ்ளோவா? நான் நாலு கார்டு பண்ணலாம்னு இருந்தேன்" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை, கணக்குத்தான் சொன்னான். அந்த நாலு எனக்கு உறைத்தது. நான் என் சிப் கருகியதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் செய்யப்போகும் நாலு கார்டில் மூன்றை என் கனெக்டர் விலை தின்றுவிடும்.

கடைசியில் அடிக்கோலை எடுத்துத்தான் வழி கண்டேன். டின் 41612இல் இரண்டு வரிசை 64 பின் வகை ஒன்று உண்டு. துளைகளுக்கு நடுவே 2.54 மில்லிமீட்டர். சாதாரண இரட்டை வரிசை பின் ஹெடருக்கும் அதே 2.54. பேக்ப்ளேனில் துளை ஒன்றுதான், எந்த ஸ்லாட்டில் எதை வைப்பது என்பது சால்டர் வைக்கிறவன் இஷ்டம். என் ஸ்லாட்டுகளுக்கு டின், அவனுக்கு ஹெடர். ஹெடர் தள்ளி விழும் ஆபத்துக்கு, 5 வோல்ட் வரும் இரண்டு பின்களையும் எதிரெதிரே வைத்து, இருபுறமும் உள்ள நான்கு பின்களைக் காலியாக விட்டேன். ஒரு பின் தள்ளிச் செருகினால் கார்டுக்கு மின்சாரமே வராது. கிரவுண்டுக்கு 12 பின் கொடுத்தேன். இஸட்80இன் முகவரி, தரவு, கட்டுப்பாடு, கடிகாரம் எல்லாம் சேர்ந்து 38. எட்டுப் பின் மிச்சம்.

பட்டியலைத் தட்டி அனுப்பினேன். பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு வந்தது.

"அண்ணா, கடைசி எட்டுல ஒண்ணுமே போடலியே. சவுண்டுக்கு ரெண்டு எடுத்துக்கவா?"

"இப்ப வேணாம்டா. அது சும்மா இருக்கட்டும்."

"எதுக்கு?"

"தெரியல."

ஒரு சிரிக்கும் முகம் அனுப்பினான். மத்தியானம் ஆர்டர் போட்டதற்கான ரசீதின் படம் வந்தது. ஐந்து போர்டு, பச்சை நிறம்.